நடுத்தையல்

டெய்லரம்மா: ...ஐயோ சார், பாத்து! அது கல்யாணப் பொண்ணோடது, மிதிச்சுடாதீங்க.

செக்ரட்டரி: பின்ன எங்கதான் கால வைக்கிறது? ரூம் முழுக்கத் துணி.

டெய்லரம்மா: தையக்காரி ரூம்ல வேற என்ன கிடக்கும்? அந்த ஸ்டூல்ல உக்காருங்க. ஊசி கீசி இருக்கான்னு தடவிப் பாத்துட்டு உக்காருங்க.

செக்ரட்டரி: உக்கார நேரமில்ல. துணி ரெடியா?

டெய்லரம்மா: எந்தத் துணி?

செக்ரட்டரி: விளையாடாதீங்க டெய்லரம்மா. நான் குடுத்தது.

டெய்லரம்மா: நீங்க குடுத்தது சட்டை ரெண்டு, பேன்ட் ஒண்ணு, அப்புறம் சர்ச்சுல...

செக்ரட்டரி: மெதுவா பேசுங்க! கதவச் சாத்தட்டுமா?

டெய்லரம்மா: சாத்தினா வெளிச்சம் போயிடும். சர்ச் துணி வாங்க வந்தவருக்கு எதுக்கு சார் கதவச் சாத்தணும்? திருட்டு நகையா வாங்கப் போறீங்க?

செக்ரட்டரி: யாராவது எட்டிப் பாத்தா ஏன், எதுக்குன்னு கேப்பாங்க.

டெய்லரம்மா: கேக்கட்டுமே. சவப்பெட்டி மேல போத்துற துணி நைஞ்சு போச்சு, அதே மாதிரி புதுசு ஒண்ணு தைக்கக் குடுத்தேன்னு சொல்லுங்க. எங்கிட்ட முதல்ல அப்படித்தானே சொன்னீங்க.

செக்ரட்டரி: அதான் உண்மை.

டெய்லரம்மா: புதுசு வந்தா பழசக் கழிச்சுடுவீங்கன்னு நினைச்சேன். பழசயும் வெளுத்து, இஸ்திரி போட்டு, கூடவே சேத்துத் தரணும்னு சொன்னீங்க பாருங்க... அப்பத்தான் எனக்கு உறைச்சுது.

செக்ரட்டரி: அவசரத்துக்கு ஒண்ணு, கைல ஒண்ணு. அவ்வளவுதான்.

டெய்லரம்மா: அவ்வளவுதானா? பழச வெளுத்துப் புதுசாக்கு, புதுச டீத்தண்ணில முக்கிப் பழசாக்கு, ரெண்டையும் பக்கத்துல போட்டா பெத்தவளுக்கே அடையாளம் தெரியக் கூடாது... என் ஆயுசுல இப்படி ஒரு ஆர்டர் எடுத்ததில்ல சார்.

செக்ரட்டரி: தெரிஞ்சா மனசு கஷ்டப்படுவாங்கல்ல. அதுக்குத்தான்.

டெய்லரம்மா: யாரு?

செக்ரட்டரி: அவங்க.

டெய்லரம்மா: அவங்கன்னா?

செக்ரட்டரி: பின்வரிசைக்காரங்க. எல்லாத்தையும் வாயத் தொறந்து சொல்லணுமா உங்களுக்கு?

டெய்லரம்மா: சொன்னாத்தானே புரியும். ஆமா, நான் எந்த வரிசைல உக்காருவேன்னு தெரியுமா?

செக்ரட்டரி: நீங்க... நடுவுல எங்கயோ.

டெய்லரம்மா: கடைசிக்கு முன்னால. தூண் மறைக்கும். பாஸ்டர் முகம் தெரியாது, ஆசீர்வாதம் பண்றப்ப கை மட்டும் தெரியும்.

செக்ரட்டரி: உங்களப் பத்தி யாரும் பேசலம்மா. உங்களுக்கென்ன.

டெய்லரம்மா: பேசலன்னா எந்தத் துணி?

செக்ரட்டரி: என்ன எந்தத் துணி?

டெய்லரம்மா: நான் செத்தா. முன்வரிசைக்குப் புதுசு, பின்வரிசைக்குப் பழசு, அதானே உங்க கணக்கு?

செக்ரட்டரி: நல்லா இருக்கிறப்ப என்ன பேச்சு இது...

டெய்லரம்மா: சும்மா சொல்லுங்க. ஊருக்கெல்லாம் அளவெடுக்கிறவளுக்குத் தன்னோட அளவு தெரிஞ்சுக்க ஆசை இருக்காதா? பழசா, புதுசா?

செக்ரட்டரி: ...அதெல்லாம் கமிட்டில பேசித்தான்.

டெய்லரம்மா: நல்லாயிருக்கு. இங்க கமிட்டி முடிவு பண்ணி அனுப்பினதுக்கு அப்புறம், அங்க இன்னொரு நியாயத்தீர்ப்பு வேற எதுக்கு?

செக்ரட்டரி: கிண்டல் பண்ணாதீங்க. காரணமில்லாம நாங்க பண்ணல. போன மாசம் அந்த ஆளு விஷயம் உங்களுக்கே தெரியும்.

டெய்லரம்மா: எந்த ஆளு?

செக்ரட்டரி: சாக்கடைக்குள்ள இறங்கினவன். உள்ளயே மூச்சு நின்னு, எடுக்கிறதுக்குள்ள உடம்பு... சொல்லக் கூடாது. அந்தப் பெட்டி மேல நம்ம துணியப் போட்டாங்க.

டெய்லரம்மா: எல்லாப் பெட்டி மேலயும்தான் போடுறோம்.

செக்ரட்டரி: அதான் பிரச்சினை. அடுத்த ஞாயித்துக்கிழமை முன்வரிசைப் பெரியவர் ஒருத்தர் என்ன ஓரமா கூப்பிட்டு, "நாளைக்கு என் மேலயும் அதத்தான் போடுவியா"ன்னு கேட்டாரு. நான் என்ன பதில் சொல்லட்டும்?

டெய்லரம்மா: ஆமான்னு சொல்லுங்க.

செக்ரட்டரி: சொல்றது சுலபம்.

டெய்லரம்மா: சார், அத துவைச்சது நான். மூக்க வச்சு மோந்து பாத்துத்தான் துவைச்சேன். மெழுகு சொட்டியிருந்துச்சு. ஒரு ஓரத்துல யாரோ முகத்தப் பொதைச்சு அழுத கறை, உப்புப் பூத்துக் கிடந்துச்சு. வேற ஒரு நாத்தமும் இல்ல.

செக்ரட்டரி: நாத்தம் துணில இல்லம்மா. ஜனங்க மனசுல.

டெய்லரம்மா: அப்ப மனசக் கழட்டிக் கொண்டாந்து குடுத்திருக்கலாமே. துணிய எதுக்குக் கொண்டு வந்தீங்க?

செக்ரட்டரி: உங்ககிட்ட பேசி ஜெயிக்க முடியாது. மடிச்சுக் குடுங்க, நான் போகணும்.

டெய்லரம்மா: குடுக்கிறேன், இஸ்திரிப் பெட்டி சூடாகட்டும். மடிப்பு கலைஞ்சிருக்கு... ஆமா, அந்த ஆளு அந்த ஆளுன்னே சொல்றீங்களே. அவருக்குப் பேரு இல்லியா?

செக்ரட்டரி: இருக்கும்.

டெய்லரம்மா: என்ன பேரு?

செக்ரட்டரி: தெரியாது. எத்தன பேர ஞாபகம் வச்சுக்கிறது?

டெய்லரம்மா: தெரியாது?

செக்ரட்டரி: தெரியாதுன்னு சொல்றேன்ல! அடக்கத்துக்கே நான் போகல. அன்னைக்கு ஆபீஸ்ல வேலை.

டெய்லரம்மா: கோவப்படாதீங்க. சர்ச் செக்ரட்டரி இல்லாம ஒரு அடக்கம் நடந்து நான் பாத்ததில்ல, அதான் கேட்டேன். மாலை வைக்கிறதுல இருந்து நாற்காலி போடுறது வரைக்கும் நீங்கதானே முன்ன நிப்பீங்க. அன்னைக்கு மட்டும் உங்கம்மா தனியா வந்தாங்க.

செக்ரட்டரி: அம்மாவுக்கு வேற வேலை இல்ல. ரோட்டுல போற சவ வண்டியப் பாத்தாலும் அழுவாங்க.

டெய்லரம்மா: அன்னைக்கு அழுதது அப்படித் தெரியல. பெட்டிய விட்டு எழுந்திரிக்கவே மாட்டேன்னுட்டாங்க. நாங்க நாலு பேரு தூக்கிவிட வேண்டியதாப் போச்சு.

செக்ரட்டரி: வயசானா அப்படித்தான்.

டெய்லரம்மா: உங்களுக்கு முன்வரிசைல சீட்டு இருக்கு. அவங்க ஏன் சார் எப்பவும் கடைசி வரிசைல, அந்தச் செத்துப் போனவரு பக்கத்துலயே போய் உக்காருவாங்க?

செக்ரட்டரி: முன்னால ஃபேன் காத்து அவங்களுக்கு ஒத்துக்காது. இப்ப எதுக்கு அதெல்லாம்? துணியப் பத்திப் பேசுங்க.

டெய்லரம்மா: துணியப் பத்தித்தான் பேசுறேன். சர்ச்ச ஆரம்பிச்ச பாஸ்டர் என்ன சொல்லி அத வச்சாராம்? பெட்டிய உங்க வசதிக்குச் செஞ்சுக்கோங்க, பித்தளைக் கைப்பிடி போடுங்க, வெறும் பலகைல அடிங்க, ஆனா மேல மூடுறது ஒரே துணிதான்னு. கர்த்தர் மேல இருந்து குனிஞ்சு பாத்தா உள்ள இருக்கிறது யாருன்னு பிரிச்சுத் தெரியக் கூடாதுன்னு.

செக்ரட்டரி: இப்பவும் தெரியாதே! அதுக்குத்தானே அச்சு அசலா ஒரே மாதிரி தைக்கச் சொன்னேன்?

டெய்லரம்மா: ஓ... அப்ப நீங்க ஏமாத்தப் பாத்தது எங்கள இல்ல.

செக்ரட்டரி: பின்ன?

டெய்லரம்மா: குனிஞ்சு பாக்கிறவர.

செக்ரட்டரி: ...பிரசங்கம் கேக்க நான் இங்க வரல. பாஸ்டரே என்கிட்ட இவ்வளவு கேட்டதில்ல.

டெய்லரம்மா: அவருக்கு இது தெரியுமா?

செக்ரட்டரி: அவருக்கு எதுக்கு இந்தத் தலவலி? வெளிய வண்டி நிக்குது, சீக்கிரம்.

டெய்லரம்மா: என்ன வண்டி?

செக்ரட்டரி: வண்டிதான்.

டெய்லரம்மா: ஜன்னல்ல தெரியுது... அது சவ வண்டி இல்ல? சார், இது அவசரத்துக்கு வாங்கிட்டுப் போறது இல்ல. இன்னைக்கே போத்தப் போறீங்க. யாரு? அந்தப் பெரியவரா?

செக்ரட்டரி: இல்ல.

டெய்லரம்மா: பின்ன யாரு?

செக்ரட்டரி: ...அம்மா.

டெய்லரம்மா: யாரு அம்மா?

செக்ரட்டரி: என் அம்மா. காலைல. ஆஸ்பத்திரில. இன்னும் நிறைய பேருக்குச் சொல்லல.

டெய்லரம்மா: அடப்பாவி மனுஷா... நான் பாட்டுக்கு வாயாடிக்கிட்டு இருக்கேன்... வந்து நின்னதும் சொல்லக் கூடாதா?

செக்ரட்டரி: சொன்னா நீங்க அழுவீங்க. நீங்க அழுதா நானும்... வேலை நிறைய கிடக்கும்மா. அழ நேரமில்ல.

டெய்லரம்மா: போன வாரம் இதே ஸ்டூல்ல உக்காந்திருந்தாங்களே சார்.

செக்ரட்டரி: இங்கயா? எப்படி? எழுந்து நிக்கவே முடியலையே அவங்களால.

டெய்லரம்மா: வாடகை வண்டி பிடிச்சு வந்தாங்க. உடுப்பெல்லாம் தொளதொளன்னு ஆயிடுச்சு, ரெண்டு பக்கமும் பிடிச்சுத் தச்சுக் குடுன்னாங்க. பிடிச்சுக் குடுத்தேன். அதப் போட்டுத்தான்...?

செக்ரட்டரி: ஆமா. அதத்தான் போட்டிருக்கோம்.

டெய்லரம்மா: கர்த்தாவே... கடைசியா ஏதாவது சொன்னாங்களா?

செக்ரட்டரி: ஒண்ணுமில்ல. பிதற்றல்தான்.

டெய்லரம்மா: என்ன பிதற்றல்?

செக்ரட்டரி: "நடுவுல பாரு, நடுவுல பாரு"ன்னாங்க. நடுவுல என்னம்மான்னு கேட்டா, என்னப் பாத்துச் சிரிக்கிறாங்க. நர்ஸு, மருந்தோட மயக்கம்னு சொன்னா.

டெய்லரம்மா: ...சிரிச்சாங்களா.

செக்ரட்டரி: ஏன்?

டெய்லரம்மா: ஒண்ணுமில்ல. இந்தாங்க. ரெண்டும் ரெடி.

செக்ரட்டரி: இதுல எது புதுசு?

டெய்லரம்மா: பாத்துக் கண்டுபிடிங்க.

செக்ரட்டரி: இப்பவுமா விளையாட்டு? உள்பக்க மூலைல நீல நூல்ல ஒரு முடிச்சு போடச் சொன்னேனே, புதுசுல.

டெய்லரம்மா: போட்டிருக்கேன். திருப்பிப் பாருங்க.

செக்ரட்டரி: ஆங், இருக்கு. அப்ப இதுதான். அந்தப் பழச உள்ள வச்சிருங்க, நாளைக்கு ஆள் அனுப்...

டெய்லரம்மா: அதயும் திருப்பிப் பாத்துடுங்க.

செக்ரட்டரி: ...இதுலயும் நீல முடிச்சு இருக்கு.

டெய்லரம்மா: இருக்கும்.

செக்ரட்டரி: ரெண்டுலயும் போட்டா அடையாளம் எதுக்கு? அறிவிருக்கா உங்களுக்கு?

டெய்லரம்மா: புதுசுல போடச் சொன்னீங்க, போட்டேன். ரெண்டுலயும் புதுசு இருக்கு.

செக்ரட்டரி: புரியல.

டெய்லரம்மா: நடுவுல, தலையில இருந்து கால் வரைக்கும் சிவப்புப் பட்டை போகுதில்ல? அதப் பிரிச்சு எடுத்து, ரெண்டு துணியயும் நீளவாக்குல ரெண்டா வெட்டி, இதுல பாதி அதுல பாதி சேத்துத் தச்சு, தையல் தெரியாம மேல பட்டைய வச்சாச்சு. ரெண்டுலயும் பாதி புதுசு. ரெண்டுலயும் பாதி... அவர் மேல கிடந்தது. வெளுத்ததும், டீத்தண்ணில முக்கினதும் அவ்வளவு பொருத்தமா அமைஞ்சு போச்சு சார். நீங்க கேட்ட மாதிரியே. இப்ப எந்தப் பக்கம் எதுன்னு என்னாலயே சொல்ல முடியாது.

செக்ரட்டரி: என்ன காரியம் பண்ணி வச்சிருக்கீங்க... யார் சொல்லிப் பண்ணீங்க? வீட்ல சாவு வச்சுக்கிட்டு நிக்கிறேன்! அம்மாவ எடுக்கணும், முன்வரிசைல அத்தன பேரும் வந்து உக்காந்திருப்பாங்க... பிரிங்க. இப்பவே பிரிங்க.

டெய்லரம்மா: பிரிச்சா நாலு துண்டு வரும். எந்தத் துண்டால அம்மாவ மூடுவீங்க?

செக்ரட்டரி: ஒண்ணும் வேண்டாம். வெறும் பெட்டியா கொண்டு போறேன். பெட்டித் துணியக் கெடுத்தது யாருன்னு கமிட்டி உங்கள விசாரிக்கும். இந்த ஊர்ல இனிமே யார் உங்ககிட்ட ஒரு கைக்குட்டை தைக்கக் குடுப்பாங்கன்னு பாக்கலாம்.

டெய்லரம்மா: விசாரிக்கட்டும். கத்திரி யார் கைல இருந்துச்சுன்னு கேட்டா நான் உண்மையச் சொல்ல வேண்டியிருக்கும்.

செக்ரட்டரி: யார் கைல இருந்துச்சு?

டெய்லரம்மா: உங்கம்மா கைல.

செக்ரட்டரி: பொய்.

டெய்லரம்மா: உடுப்புப் பிடிக்க வந்தாங்கன்னு சொன்னேன்ல. அந்த மேசை மேல ரெண்டும் விரிச்சுக் கிடந்துச்சு. ஏன் ரெண்டுன்னு கேட்டாங்க. செத்துப் போகப் போற மனுஷிகிட்ட என்னத்தப் பொய் சொல்ல? நீங்க சொன்னத அப்படியே சொன்னேன். அப்புறம் கத்திரியக் குடுன்னாங்க.

செக்ரட்டரி: நீங்க குடுத்துட்டீங்களா?

டெய்லரம்மா: வேணாம்மா, நான் வெட்டுறேன்னேன். "இது நான் வெட்ட வேண்டியது"ன்னாங்க.

செக்ரட்டரி: நம்ப மாட்டேன்.

டெய்லரம்மா: தலைமாட்டுப் பக்கம் பட்டையத் தூக்கிப் பாருங்க. ரெண்டுலயும் ஒரு சாண் கைத்தையல். அதுக்கு மேல அவங்களால முடியல, மிச்சம் என் மெஷின். அந்தத் தையல உங்களுக்குத் தெரியும் சார். நீங்க அளவு மாத்தக் கொண்டு வர்ற பழைய சட்டைல எல்லாம், பட்டன் கீழ பாத்திருக்கேன். பின்னால ஒரு இழுப்பு, முன்னால ரெண்டு. பாத்தீங்களா?

செக்ரட்டரி: ...நடுவுல பாருன்னாங்க.

டெய்லரம்மா: ஆமா.

செக்ரட்டரி: வேற என்ன சொன்னாங்க உங்ககிட்ட?

டெய்லரம்மா: எல்லாம் சொன்னாங்க.

செக்ரட்டரி: எல்லாம்னா...

டெய்லரம்மா: எல்லாந்தான் சார்.

செக்ரட்டரி: ...இது எத்தன பேருக்குத் தெரியும்?

டெய்லரம்மா: பாருங்க, அம்மா செத்துக் கிடக்கிறாங்க, உங்களுக்கு முதல்ல வர்ற கேள்வி இதான்.

செக்ரட்டரி: உங்களுக்குத் தெரியாது டெய்லரம்மா. இந்த ஊருக்கு வந்தப்ப எங்கிட்ட ஒரு மாத்துச் சட்டை கிடையாது. பேச்ச மாத்தி, நடைய மாத்தி, உக்காருற விதத்தையே மாத்தி... அந்த முன்வரிசைக்கு வர்றதுக்கு நான் என்னென்ன விட்டேன்னு உங்களுக்குத் தெரியாது.

டெய்லரம்மா: யார யார விட்டீங்கன்னு தெரியும்.

செக்ரட்டரி: என் பொண்டாட்டி வீட்டாளுங்களுக்கு ஒரு வார்த்தை போனாப் போதும்...

டெய்லரம்மா: ஒண்ணு கேக்கட்டுமா? "என் மேலயும் அதத்தான் போடுவியா"ன்னு கேட்டாரே ஒரு பெரியவர். அவரு யாரு?

செக்ரட்டரி: ...மாமனார்.

டெய்லரம்மா: அவர் கேட்டப்ப உங்களுக்கு நெஞ்சு அடைக்கலையா சார்?

செக்ரட்டரி: அடைச்சுது. "பாத்துக்கிறேன் மாமா"ன்னேன்.

டெய்லரம்மா: உங்க மேல எனக்குக் கோவம்தான் வருது. பரிதாபம் வரணும்னு பாக்குறேன், வரமாட்டேங்குது.

செக்ரட்டரி: அம்மாவுக்கும் வரல போல.

வண்டிக்காரர்: சார்! உள்ள வரலாமா?

செக்ரட்டரி: வந்துட்டேன், வந்துட்டேன்.

வண்டிக்காரர்: பாஸ்டர் லைன்ல இருக்காருங்க, உங்க போன எடுக்கலயாம். ஆராதனைல வாசிக்கணுமாம், அம்மாவுக்குப் பிள்ளைங்க எத்தன பேருன்னு கேக்குறாரு. ஒண்ணுதான், நீங்க மட்டுந்தான்னு உங்க மாமனார் சொல்லிட்டாராம். இருந்தாலும் உங்க வாயால ஒரு தடவ கேட்டுக்கலாம்னு...

டெய்லரம்மா: துணிய எடுத்துக்கோங்க சார். எத வேணா எடுங்க. ரெண்டும் ஒண்ணுதான்.

வண்டிக்காரர்: ஒண்ணுன்னே சொல்லிடட்டுமா சார்? லைன்ல நிக்கிறாரு.

செக்ரட்டரி: ...ரெண்டு.

வண்டிக்காரர்: ரெண்டா? இது யாருக்குமே தெரியாதே... இன்னொருத்தர் வெளியூரா சார்? அவர் வர்ற வரைக்கும் பெட்டிய எடுக்காம காத்திருக்கணுமா?

செக்ரட்டரி: வேண்டாம். என் தம்பி போன மாசமே போயிட்டான்... இந்தத் துணிக்குக் கீழதான். நான்தான் வரல.